அப்பாவோட டிஸ்சார்ஜ் புக்ல 71 சண்டை மெடல் ஏறவே இல்ல, இப்போ சேர்க்க முடியுமா?

வேலூர்_மகன்:

எல்லாருக்கும் வணக்கம். அப்பா எக்ஸ் சர்வீஸ்மேன், சேப்பர், அதாவது பட்டாளத்து இன்ஜினியர் பிரிவு. 1966 மார்ச்ல பட்டாளத்துல சேர்ந்து 1984-ல ஹவில்தாரா பென்ஷன்ல வந்தவரு. இப்போ வயசு 78, காது கொஞ்சம் மந்தம், மத்தபடி தெம்பாத்தான் இருக்காரு. 1971 சண்டையில ஷக்கர்கர் பக்கம், பசந்தர் ஆத்துகிட்ட மைன்ஃபீல்டுல, அதாவது கண்ணிவெடி பொதைச்ச நிலத்துல, டாங்க் போறதுக்கு வழி திறந்தாங்களே அந்த வேலையில இருந்தவரு, அந்தக் கதைய நாங்க சின்ன வயசுலருந்து எத்தனை தடவ கேட்டிருப்போம்னு கணக்கே இல்ல.

விஷயம் என்னன்னா ஒவ்வொரு டிசம்பர் 16-க்கும் விஜய் திவஸ் நிகழ்ச்சிக்கு போவாரு, மத்தவங்க எல்லாம் நெஞ்சு நெறய மெடலோட முன்னாடி உக்காந்திருப்பாங்க, இவரு ரெண்டே ரெண்ட குத்திக்கிட்டு பின்னாடி உக்காந்துட்டு வருவாரு. போன வருஷம் யாரோ ஒருத்தர் "என்னய்யா 71-ல நீ லீவுல இருந்தியா"ன்னு விளையாட்டாதான் கேட்டிருக்காரு. வீட்டுக்கு வந்து ராத்திரி சாப்பிடல. அப்புறம்தான் நான் டிரங்க் பெட்டிய திறந்து டிஸ்சார்ஜ் புக்க எடுத்துப் பாத்தேன். மெடல் பக்கத்துல 25-வது சுதந்திர ஆண்டு மெடல், 9 வருஷ லாங் சர்வீஸ் மெடல், இந்த ரெண்டுதான் இருக்கு. 71 சண்டைக்கான பச்சிமி ஸ்டார் இல்ல, சங்ராம் மெடல் இல்ல. 65 சண்டைக்கான ரக்ஷா மெடலும் தனக்கு வரணும், 20 வருஷ மெடலும் வரணும்ங்கிறாரு.

விசாரிக்கலாம்னு ஒரு ஆபீசுக்கு போனா "50 வருஷம் கழிச்சு இப்ப என்ன அவசரம், கடையில வாங்கி குத்திக்கோங்க, யாரு கேக்கப் போறா"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. கடையில வாங்கித் தரேன்னு நானும் ஒரு வாட்டி சொல்லிப் பாத்தேன், அவரு பாத்த பார்வையில அதோட விட்டுட்டேன். யாராவது இத பண்ணியிருக்கீங்களா? எங்க எழுதணும், எந்த பேப்பர் வேணும்?

ரிட்டயர்டு_கிளார்க்_சாப்:

தம்பி, நான் சுபேதார் கிளார்க்கா வெளிய வந்தவன், சர்வீஸ்ல பாதிநாள் இந்த மாதிரி பேப்பர்லதான் போச்சு. முதல்ல அப்பா கேக்கிற லிஸ்ட்ட பிரிச்சுக்கோங்க, அதுல வராதது ரெண்டு இருக்கு.

ரக்ஷா மெடல் 65 சண்டை சமயத்துல சர்வீஸ்ல இருந்தவங்களுக்கு. அப்பா சேர்ந்ததே 66 மார்ச், அதனால அது கிடையாது. 20 வருஷ மெடலும் கிடையாது, அவரு சர்வீஸ் மொத்தமே 18 வருஷம். இது ரெண்டையும் அப்ளிகேஷன்ல எழுதிடாதீங்க, ஏன்னா டீலிங் கிளார்க் முதல்ல பாக்கறது சேர்ந்த தேதியும் வெளிய வந்த தேதியும்தான், தகுதியே இல்லாத ஒண்ணு அங்க இருந்தா மத்ததையும் சந்தேகமா பாக்க ஆரம்பிச்சுடுவான், நானே அப்படி பாத்திருக்கேன்.

பச்சிமி ஸ்டார் மேற்கு முனையில களத்துல இருந்தவங்களுக்கு, கிழக்குல பங்களாதேஷ் பக்கம் இருந்தவங்களுக்கு பூர்வி ஸ்டார். சங்ராம் மெடல் அதவிட அகலமானது, களத்துலயே நின்னிருக்கணும்னு இல்ல. அப்பா சொல்ற இடம் சரின்னா பச்சிமி ஸ்டாரும் சங்ராமும் ரெண்டும் வரணும். இன்னொன்னும் பாருங்க, ஜம்மு காஷ்மீர் ஏரியாவுல மொத்தமா ஒரு வருஷம் இருந்திருந்தா சைன்ய சேவா மெடல், அதுக்கு ஜம்மு காஷ்மீர்னு ஒரு கிளாஸ்ப், அதாவது ரிப்பன் மேல வர்ற பட்டை. இத நெறய பேரு கேக்கறதே இல்ல, சண்டை மெடல் மட்டும்தான் ஞாபகத்துல நிக்குது.

எப்படி விட்டுப்போகும்னு சொல்றேன். சண்டை முடிஞ்ச அடுத்த நாளே யாரும் மெடல் கையில குடுக்கல, அதுக்கு உத்தரவு வந்து, யூனிட்ல நாமினல் ரோல், அதாவது பேர் பட்டியல் போட்டு, கிளெய்ம் ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு போயி, பார்ட் டூ ஆர்டர், அதாவது அவரவர் பதிவுல ஏத்தச் சொல்ற உத்தரவு வந்து, அப்புறம் ஷீட் ரோல்ல, அதாவது ஆபீசுல இருக்கிற அவரோட சர்வீஸ் பதிவுல ஏறி, அதப் பாத்து டிஸ்சார்ஜ் புக்ல எழுதணும். இதுக்குள்ள வருஷக்கணக்கு ஓடிடும். நடுவுல அந்தாளு வேற யூனிட்டுக்கு போஸ்டிங் போயிருந்தா, ஆஸ்பத்திரியில இருந்திருந்தா, கோர்ஸ் போயிருந்தா, பழைய யூனிட் கிளார்க் "இவன் போயிட்டான், புது யூனிட் பாத்துக்கும்"னு விடுவான், புது யூனிட் கிளார்க் "நம்மகிட்ட இல்லாதப்ப நடந்தது"ன்னு விடுவான். ரெண்டு பேரு மேலயும் தப்பு சொல்ல முடியாது, ஆனா மெடல் நடுவுல விழுந்துடும். அதனால முதல் வேலையா அப்பாகிட்ட 72-லயும் 73-லயும் எங்க இருந்தாருன்னு கேளுங்க.

அப்புறம் ஷீட் ரோல்ல ஏறியிருந்து டிஸ்சார்ஜ் புக்ல மட்டும் எழுதாம விட்டதும் உண்டு. அது சுலபம், ஒரு லெட்டர்ல முடியும். ஷீட் ரோல்லயே இல்லன்னாதான் ஆதாரம் காட்டணும். ரெண்டுல எதுன்னு தெரியாம அப்ளிகேஷன் போடாதீங்க.

தெரிஞ்சுக்க வழி ஆர்.டி.ஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு. அப்பா பேர்ல, அப்பா கையெழுத்துல. நீங்க போட்டா அடுத்தவரோட சொந்த விவரம்னு தள்ளிடலாம், அவருக்கு அவரோட பேப்பர் கேக்க தடையில்ல. 10 ரூபாய்தான் கட்டணம், 30 நாள்ல பதில் வரணும். அதுல "ஏன் மெடல் குடுக்கல"ன்னு கேள்வி கேக்காதீங்க, ஏன் எதுக்குன்னு கேட்டா சுத்திவிட்டுடுவாங்க. ஷீட் ரோலோட சான்றொப்பமிட்ட நகல் வேணும், மெடல் சம்பந்தமா ஏறின பார்ட் டூ ஆர்டர் நகல் வேணும், 1971 டிசம்பர்ல எந்த யூனிட்ல இருந்தாருங்கிற பதிவு வேணும்னு பேப்பரா கேளுங்க.

சும்மா_பாத்தேன்:

தப்பா எடுத்துக்காதீங்க, இந்த மெடலுக்கு மாசாமாசம் ஏதாவது பணம் வருமா? வராதுன்னா இவ்ளோ அலைச்சல் எதுக்குன்னு புரியல.

கார்கில்_99:

பணம் வராது சார். வீரதீர விருதுக்குதான் அலவன்ஸ், சண்டையில இருந்ததுக்கான மெடலுக்கு ஒரு பைசா கிடையாது. எதுக்குன்னு கேட்டா என்னத்த சொல்ல, நீங்க ஒரு தடவ விஜய் திவஸ்ல பின்வரிசையில உக்காந்து பாருங்க.

வேலூர் தம்பிக்கு என் கதை. கார்கில்ல களத்துல இருந்தவங்களுக்கு ஓபி (ஆபரேஷன்) விஜய் ஸ்டார், மத்த இடத்துல இருந்து அந்த ஆபரேஷனுக்கு வேலை செஞ்சவங்களுக்கு ஓபி விஜய் மெடல். நான் திராஸ்ல இருந்தேன், ஆனா எனக்கு ஏறினது மெடல் மட்டும். காரணம், நான் அட்டாச்மெண்ட்ல, அதாவது வேற யூனிட்டோட தற்காலிகமா போனவன், என் சொந்த யூனிட் ரோல்ல நான் களத்துக்குப் போகாம கீழயே இருந்த மாதிரி காட்டியிருந்தாங்க. மூணு வருஷம் வாயால சொல்லி ஒண்ணும் நடக்கல. கடைசியில என் பழைய பெட்டியில மூவ்மெண்ட் ஆர்டர், அதாவது எங்க போகணும்னு எழுதிக் குடுக்கிற உத்தரவு ஒண்ணு கிடைச்சுது, மடிச்சு மடிச்சு நாலா பொளந்து போன ஒரு தாள், அத வச்சு எழுதினேன், அஞ்சு மாசத்துல திருத்தி வந்துடுச்சு. அதனால அப்பா பெட்டிய இன்னொரு தடவ நல்லா தேடுங்க. லீவ் சர்டிஃபிகேட், பழைய ரயில் வாரண்ட், ஆஸ்பத்திரி சீட்டு, யூனிட் முத்திரை இருக்கிற இன்லாண்ட் லெட்டர், எதையும் குப்பைன்னு நினைக்காதீங்க. அம்மாவுக்கு எழுதின லெட்டர் கவர்ல கூட தபால் முத்திரை தேதி இருக்கும்.

தேனி_பொண்ணு:

அண்ணா, நான் எங்க அப்பாவுக்கு பண்ணேன், ஆனா அவரு இறந்தப்புறம். அதனால சொல்றேன், அப்பா இருக்கும்போதே அவரு கையெழுத்துல அனுப்பிடுங்க. அவரு போனப்புறம்னா அம்மா விண்ணப்பிக்கணும், இறப்புச் சான்றிதழ், பி.பி.ஓ (பென்ஷன் ஆர்டர்), வாரிசு சான்று, எல்லாம் வைக்கணும். அதுலதான் எங்களுக்கு ஒரு பெரிய தலைவலி. அம்மா பேரு டிஸ்சார்ஜ் புக்ல "முனியம்மா"ன்னும் ஆதார்ல "முனியம்மாள்"னும் இருந்துது. அந்த ஒரு "ள்"-ஆல மெடல் மட்டும் இல்ல, ஃபேமிலி பென்ஷனே எட்டு மாசம் நின்னுச்சு.

நீங்க எப்படியும் ரெக்கார்ட்ஸுக்கு எழுதப் போறீங்க, புக்கையும் கையில வச்சிருக்கீங்க, அம்மா பேரு, பிறந்த தேதி, உங்க கூடப் பிறந்தவங்க பேரு, எல்லாம் ஆதாரோடயும், ஸ்பர்ஷ்ல, அதாவது பட்டாளத்து பென்ஷன் வெப்சைட்ல இருக்கிறதோடயும் ஒத்துப் போகுதான்னு பாத்துடுங்க. மெடல் ஒரு வருஷம் லேட்டா வந்தா பரவாயில்ல, இது அப்படி இல்ல.

ரிட்டயர்டு_கிளார்க்_சாப்:

பாப்பா சொல்றது நூத்துக்கு நூறு சரி. நம்ம ஊரு பேரு பட்டாளத்து ரிஜிஸ்டர்ல ஏறும்போது படற பாடு இருக்கே, இனிஷியல் பேராயிடும், அப்பா பேரு சர்நேம் ஆயிடும், வடக்கத்தி கிளார்க் காதுல விழுந்தத எழுதுவான். ஆனா அத தனி லெட்டரா போடுங்க. ஒரே கவர்ல மெடலையும் பேர் திருத்தத்தையும் வச்சா அது ஒரு மேஜையிலயே உக்காந்துடும், ஏன்னா ரெண்டும் ரெண்டு செக்ஷன்.

எங்க எழுதணும்னு கேட்டீங்கல்ல, அவரவர் ஆர்ம்ஸ் ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு. மெட்ராஸ் ரெஜிமெண்ட்னா வெலிங்டன், எம்.இ.ஜி-ன்னா, அதாவது மெட்ராஸ் சேப்பர்ஸ்னா பெங்களூரு, ஆர்ட்டிலரின்னா நாசிக் ரோடு, சிக்னல்ஸ்னா ஜபல்பூர், வண்டி, கருவி ரிப்பேர் பாக்கிற இ.எம்.இ-ன்னா செகந்திராபாத். படிக்கிற மத்தவங்களுக்கும் உதவும்னு போடறேன். ஆர்மி நம்பர், ரேங்க், பேரு, சேர்ந்த தேதி, டிஸ்சார்ஜ் தேதி, பி.பி.ஓ நம்பர், 71-ல எந்த யூனிட், எந்த கம்பெனி, எந்த இடம், இது எல்லாம் முதல் பக்கத்துலயே வரணும், சண்டைக் கதை எழுத வேணாம். டிஸ்சார்ஜ் புக் எல்லா பக்கமும் ஜெராக்ஸ், ஒவ்வொண்ணுலயும் அப்பா கையெழுத்து. ஒரிஜினல அவங்களா லெட்டர் போட்டுக் கேட்டா மட்டும் குடுங்க, முடிஞ்சா நேர்ல போய் குடுத்து ரசீது வாங்குங்க. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல உதவி இயக்குநர் மூலமா ஒரு கவரிங் லெட்டரோட அனுப்பினா இன்னும் நல்லது.

இன்னொரு குழப்பம் எல்லாருக்கும் வரும். தொலைஞ்சு போன மெடல் வேற, குடுக்கவே இல்லாத மெடல் வேற. தொலைஞ்சதுக்கு டூப்ளிகேட், அதுக்கு காசு கட்டணும். இது குடுக்காதது, அதனால "டூப்ளிகேட்"ங்கிற வார்த்தையே அப்ளிகேஷன்ல வரக்கூடாது. வந்துட்டா ஏற்கெனவே குடுத்தாச்சு, இவரு தொலைச்சுட்டாருன்னு ஃபைல் அந்தப் பக்கம் போயிடும்.

பென்ஷன் இல்லாம வெளிய வந்தவங்க வீட்ல யாராவது இத படிச்சா, அவங்க ஷீட் ரோல 25 வருஷத்துக்கு அப்புறம் அழிச்சுடலாம்னு ரூல் இருக்கு. அழிச்சிட்டோம்னு பதில் வந்தாலும் விட்டுடாதீங்க, லாங் ரோல்னு ஒரு ரிஜிஸ்டர் நிரந்தரமா இருக்கும், அத கேளுங்க. வேலூர் தம்பிக்கு அந்தக் கவலை குறைவு.

வேலூர்_மகன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து முழுக்க அப்பாகூட உக்காந்து பெட்டிய மறுபடி கொட்டினோம். ரக்ஷா மெடல் கிடையாதுன்னு சொன்னதுக்கு முதல்ல கோவப்பட்டாரு, அப்புறம் சேர்ந்த தேதிய விரல் விட்டு எண்ணிப் பாத்துட்டு "ஆமாண்டா, அது எனக்கு முன்னாடி பேட்ச்"ன்னு ஒத்துக்கிட்டாரு.

கிளார்க் சாப் 72-ல எங்க இருந்தாருன்னு கேக்கச் சொன்னீங்கல்ல. கேட்டேன். 72 பிப்ரவரியில மைன்ஃபீல்டுல வேலை செய்யும்போது காலுல வெடித் துண்டு ஏறி ஆஸ்பத்திரியில நாலு மாசம் கிடந்தாராம், அங்கிருந்து நேரா வேற யூனிட்டுக்கு போஸ்டிங். சண்டை முடிஞ்சும் மைன் எடுக்கிற வேலை மாசக்கணக்கா நடந்துதுன்னு எனக்கு இத்தனை வருஷத்துல தெரியவே தெரியாது, அவரு சொன்ன கதை எல்லாம் டிசம்பர் 16-ஓட முடிஞ்சுடும். அந்த ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு டிஸ்சார்ஜ் புக்கோட அட்டைக்குள்ளயே செருகி இருந்துது, இங்க் மங்கிப் போச்சு ஆனா பழைய யூனிட் பேரும் தேதியும் படிக்க முடியுது.

தேனி தங்கச்சி சொன்ன மாதிரி அம்மா பேரையும் பாத்தேன். அம்மா பேரு சரி. என் பேருதான் தப்பு, என்னைய பொண்ணுன்னு எழுதி வச்சிருக்காங்க. அம்மா அரை மணி நேரமா சிரிக்கிறாங்க.

கார்கில்_99:

ஹா ஹா, அதுக்கும் ஒரு பார்ட் டூ ஆர்டர் போடணும் தம்பி.

ரிட்டயர்டு_கிளார்க்_சாப்:

அந்த ஆஸ்பத்திரி சீட்டு தங்கம். இன்னிக்கே ஃபோன்ல போட்டோ எடுத்து மூணு பேருக்கு அனுப்பி வச்சிடுங்க, லேமினேஷன் மட்டும் பண்ணிடாதீங்க, பழைய இங்க் சூட்டுல போயிடும். காயம் எப்படி ஆச்சுன்னு அதுல ஒரு வரி இருக்கும், "அட்ரிப்யூட்டபிள்"னு, அதாவது சர்வீஸாலதான் காயம் ஆச்சுன்னு ஏதாவது தெரியுதான்னு பாத்து சொல்லுங்க, இருந்தா மெடலத் தவிர வேற ஒண்ணும் பேச வேண்டியிருக்கு.

வேலூர்_மகன்:

அந்த எடத்துல சரியா மடிப்பு விழுந்திருக்கு சாப். பகல் வெளிச்சத்துல பாத்துட்டு நாளைக்கு போட்டோ போடறேன். ஆர்.டி.ஐ இன்னிக்கு ஸ்பீட் போஸ்ட்ல போயாச்சு. கையெழுத்து போடறப்ப அப்பா பேருக்கு முன்னாடி ஆர்மி நம்பரையும் ரேங்க்கையும் யாரும் கேக்காமலே எழுதிட்டுதான் போட்டாரு.