துணிவுக்கு எதிர் கோழையா, அச்சமா?

குழு: ஆலமரத்து வீடு
ஞாயிறு, மாலை 6.40

மாலா: பெரியப்பா, ஒரு சந்தேகம். கவின் இப்போது எட்டாம் வகுப்பு. பள்ளியில் என்எம்எம்எஸ் என்கிற உதவித்தொகைத் தேர்வுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். மனத்திறன் தாளில் ஒப்புமை என்று ஒரு பகுதி வருமாம், முதல் ஜோடிக்கு உள்ள உறவே இரண்டாவது ஜோடிக்கும் வருகிற மாதிரி சொல் தேட வேண்டும். இந்தக் கேள்வியில் அவனுக்கும் எனக்கும் ஒரு மணி நேரமாக வாக்குவாதம்.

உண்மை : பொய் :: துணிவு : ?
அ) வீரம் ஆ) அச்சம் இ) கோழை ஈ) பணிவு

மாலா: அவன் 'இ' என்கிறான். எனக்கு 'ஆ' என்று படுகிறது. ஆனால் ஏன் என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

அருண்: 'ஆ' தான் சித்தி.

பெரியப்பா: கவினிடம் ஒன்று கேள். கோழை என்பது ஆளா, குணமா?

மாலா: ஆள் என்கிறான்.

பெரியப்பா: துணிவு?

மாலா: குணம். "ஓ" என்று சொல்லிவிட்டு அழித்து எழுதுகிறான்.

பெரியப்பா: அவ்வளவுதான். குணத்துக்கு எதிரே குணம் நிற்க வேண்டும், ஆளுக்கு எதிரே ஆள். கேள்வியில் 'வீரன்' என்று இருந்திருந்தால் கோழை சரி. அந்த நான்கு விடைகளையும் அவனை இன்னொரு முறை பார்க்கச் சொல். ஒன்றுகூட சும்மா வைத்தது இல்லை. வீரம் கிட்டத்தட்ட அதே பொருள், எதிர்ச்சொல் தேடுகிறோம் என்பதை மறந்த பிள்ளைக்காக. பணிவு ஓசையில் துணிவோடு ஒத்துப்போகிறது, அவசரமாகப் படிக்கிற பிள்ளைக்காக. கோழைதான் கெட்டிக்காரப் பிள்ளையைப் பிடிக்க வைத்த வலை. அதில் கவின் விழுந்தான் என்றால் அவனுக்குப் பொருள் தெரிகிறது, நல்ல விஷயம்.

சுமதி அக்கா: மாலா, கடையில் எதிர்ச்சொல் ஆயிரம் இருக்கிற கையேடு கிடைக்கும், வாங்கிக் கொடு. தினமும் ஒரு பக்கம் ஒப்பிக்கட்டும். அருணுக்கு நான் அப்படித்தான் செய்தேன். தேறினான் இல்லையா?

மாலா: வாங்கிவிட்டேன் அக்கா. இரண்டு பக்கம் ஒப்பித்தான். அப்புறம்தான் இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டான்.

பெரியப்பா: பட்டியல் மட்டும் போதாது சுமதி. பட்டியலில் துணிவு என்றால் அச்சம், வீரன் என்றால் கோழை என்று தனித்தனியாக இருக்கும். தேர்வில் இரண்டையும் ஒரே வரியில் வைத்துத்தான் கேட்பார்கள். பிள்ளை முதலில் பார்க்க வேண்டியது கேள்விக்குறியை இல்லை, முதல் ஜோடியை. இரண்டு சொல்லுக்கும் என்ன உறவு என்று ஒரு முழு வாக்கியமாக வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்தில் இரண்டாவது ஜோடியைப் போட்டுப் பார்க்க வேண்டும். பொருந்தினால் விடை, இல்லையென்றால் இல்லை.

மாலா: ஒரு உதாரணம் கொடுங்கள் பெரியப்பா.

பெரியப்பா:
வாங்குதல் : விற்றல் :: கொடுத்தல் : ?
அ) எடுத்தல் ஆ) இழத்தல் இ) பெறுதல் ஈ) கேட்டல்

மாலா: 'அ' என்கிறான். கொடுத்தால் எதிர் எடுத்தல்தானாம்.

பெரியப்பா: வாக்கியம் சொல்லச் சொல்.

மாலா: "வாங்குதலுக்கு எதிர் விற்றல்" என்கிறான்.

பெரியப்பா: அது போதாது. எப்படிப்பட்ட எதிர்? கடையில் நடப்பதை நினைத்துப் பார்க்கட்டும்.

மாலா: (கவின் பேசியதை அப்படியே எழுதுகிறேன்) "ஒரு ஆள் வாங்கினால் எதிரில் இருக்கிற ஆள் விற்கிறார். ஒரு ஆள் கொடுத்தால் எதிரில் இருக்கிற ஆள்... பெறுகிறார். தாத்தா, 'இ'! எடுக்க வேண்டும் என்றால் எதிரில் ஆளே வேண்டாம்."

பெரியப்பா: சபாஷ். நான் சொல்ல நினைத்ததைவிட நன்றாகச் சொல்லிவிட்டான்.

அருண்: தாத்தா, இதில் எனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வாக்கியம் சொல்லும் முறை நான் எட்டாம் வகுப்பில் செய்ததுதான். ஆனால் சொல்லே தெரியாவிட்டால் என்ன வாக்கியம் சொல்வது? அண்மை : சேய்மை, ஈதல் : ஏற்றல், இம்மை : மறுமை, தண்மை : வெம்மை. இதெல்லாம் பேச்சில் வராத சொற்கள். அம்மா ஒப்பிக்க வைத்ததால்தான் எனக்குத் தெரிந்தது.

பெரியப்பா: ஒத்துக்கொள்கிறேன். பேச்சில் வராத சொற்களுக்குப் பட்டியல் இருக்கட்டும். மேல், கீழ், பகல், இரவு என்று தெரிந்ததையே பக்கம் பக்கமாக ஒப்பிக்க வேண்டாம். அந்த நேரத்தில் பாடநூல் செய்யுள் பகுதியைப் படிக்கலாம். முரண் தொடை படித்திருப்பான் இல்லையா? நம் புலவர்கள் எதிரும் எதிருமாகச் சொல்லை நிறுத்தியே செய்யுள் கட்டினார்கள். திருக்குறளில் 40ஆம் அதிகாரம் கல்வி, அடுத்தது கல்லாமை. பக்கத்துப் பக்கத்தில் ஜோடி கிடக்கிறது.

மாலா: அப்படியானால் 'ஆமை', 'இன்மை' என்று முடிந்தால் எதிர்ச்சொல் என்று வைத்துக்கொள்ளலாமா? கவின் கேட்கிறான்.

பெரியப்பா: கூடாது! அங்கேதான் அடுத்த வலை. அதே திருக்குறளில் 60ஆம் அதிகாரம் ஊக்கமுடைமை, 61 மடியின்மை. ஒன்று 'உடைமை', மற்றது 'இன்மை'. பார்த்தால் எதிர் போலத் தெரியும். மடி என்றால் சோம்பல். சோம்பல் இல்லாமல் இருப்பதும் ஊக்கத்தோடு இருப்பதும் ஒரே பக்கம் நிற்கிற குணங்கள். வால் எப்படி முடிகிறது என்பதைப் பார்த்து விடை போடக் கூடாது, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அருண்: முன்னால் 'அ' வந்தாலும் இதே கதைதான் கவின். நீதி : அநீதி, சுத்தம் : அசுத்தம் சரி. அதை வைத்து அமைதி, அழகு எல்லாவற்றிலும் எதிர்ச்சொல் தேடாதே.

சுமதி அக்கா: முன்னொட்டு வைத்தே கேட்டால்? நம்பிக்கை : அவநம்பிக்கை :: மரியாதை : ?

அருண்: அப்போது இகழ்ச்சி, ஏளனம் எல்லாம் விடைகளில் இருந்தாலும் அவமரியாதைதான். முதல் ஜோடி எந்த மாதிரி உருவாகியிருக்கிறதோ அதே மாதிரி இரண்டாவதும் வர வேண்டும்.

இரவு 7.25

சுமதி அக்கா: அம்மா குரல் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். கவினுக்காக எழுதிப் போடுகிறேன்: "நஞ்சை, புஞ்சை. பிஞ்சு, முற்றல். மேடு, பள்ளம். வளர்பிறை, தேய்பிறை. இதெல்லாம் பரீட்சையில் கேட்பார்களா?"

பெரியப்பா: கேட்கலாம். வளர்பிறை நல்ல கேள்வி.

பௌர்ணமி : அமாவாசை :: வளர்பிறை : தேய்பிறை

இதில் வரிசையும் முக்கியம். வளர்பிறை போய் முடிகிற இடம் பௌர்ணமி, தேய்பிறை போய் முடிகிற இடம் அமாவாசை. ஜோடியையே விடையாகக் கொடுக்கும் கேள்விகளில் இந்த வரிசையை மாற்றி வைப்பார்கள். 'அகம் : புறம்' கொடுத்துவிட்டு விடைகளில் 'வெளியே : உள்ளே' என்றும் 'உள்ளே : வெளியே' என்றும் இரண்டுமே இருக்கும். அகம் முதலில் வந்தால் உள்ளே முதலில் வர வேண்டும்.

மாலா: பிஞ்சு, முற்றல் என்றதும் கவினுக்கு ஒரே உற்சாகம். இடையில் பதமான காய் இருக்கிறதே, அது எதில் சேர்த்தி என்கிறான்.

பெரியப்பா: அருமையான கேள்வி! சில எதிர்களுக்கு நடுவில் இடம் உண்டு. சூடு, குளிர்ச்சி, நடுவில் வெதுவெதுப்பு. சில எதிர்களுக்கு நடுவே கிடையாது. ஒற்றை எண் இல்லை என்றால் இரட்டை எண்தான். அறிவியலில் இருந்து ஒன்று தருகிறேன்.

ஆவியாதல் : ஆவி நீராதல் :: உறைதல் : ?
அ) கொதித்தல் ஆ) உருகுதல் இ) ஆறுதல் ஈ) குளிர்தல்

மாலா: உருகுதல். யோசிக்கவே இல்லை.

பெரியப்பா: வாக்கியம்?

மாலா: "நடந்ததை அப்படியே திருப்பினால் வருவது." கொதித்தல் ஏன் இல்லை என்று நான் கேட்டேன். பனிக்கட்டி உருகினால் பழைய தண்ணீராகிவிடும், கொதித்தால் அதைத் தாண்டிப் போய்விடும் என்கிறான்.

அருண்: கவின், இன்னொரு விஷயம். எதிர்ச்சொல்லாகவே பயிற்சி செய்துவிட்டுப் போனால் எல்லாமே எதிராகத் தெரியும். அமைதி : மௌனம் :: செல்வம் : ? என்று வந்தால் வறுமையைப் போட்டுவிடாதே. முதல் ஜோடி ஒத்த பொருள். நான் பயிற்சி செய்தபோது என் தமிழாசிரியர் வேண்டுமென்றே எல்லா வகையையும் கலந்துதான் கொடுப்பார். நீயும் கலந்து செய்.

சுமதி அக்கா: நேரத்தையும் பார்த்துக்கொள்ளச் சொல். மனத்திறன் 90 கேள்வி, 90 நிமிடம். எண் தொடரும் படமும் நேரத்தைத் தின்னும். ஒப்புமையைச் சீக்கிரம் முடித்தால்தான் அதற்கெல்லாம் கிடைக்கும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், அதனால் ஒன்றையும் விடாமல் எழுதட்டும்.

மாலா: சரி அக்கா. தேறினால் மாதம் 1,000 ரூபாய்தானே?

சுமதி அக்கா: ஆமாம், வருடம் 12,000, ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை. பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்தால்தான் தொடரும், அதை இப்போதே சொல்லி வை. பெற்றோர் வருமானம் வருடம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்றிதழைக் கடைசி நேரத்துக்கு வைக்காதே. அருணுக்கு அந்தப் பணம் வந்த நாலு வருடமும் நோட்டுக்கும் பேருந்துக்கும் நான் யாரிடமும் கை நீட்டவில்லை. அவன் படிப்பை நிறுத்தாமல் இருந்ததற்கு அது பெரிய காரணம். அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

மாலா: புரிகிறது அக்கா. இவன் அப்பாவும் அதையேதான் சொல்கிறார்.

பெரியப்பா: கவினுக்கு ஒரு வேலை. விடை சொன்னது போதும், நீயே ஒரு கேள்வி உருவாக்கு. நான்கு விடையும் வேண்டும், மூன்றும் வலையாக இருக்க வேண்டும்.

இரவு 8.10

மாலா: கவின் எழுதியது:

பகை : நட்பு :: வெறுப்பு : ?
அ) கோபம் ஆ) அன்பு இ) நண்பன் ஈ) விருப்பு

அருண்: நண்பன் நல்ல வலை, ஆள் வலை. ஆனால் கவின், அன்பும் சரி, விருப்பும் சரி. இரண்டு விடை வருகிறது. நான் 'ஆ' போடுவேன், தாத்தா 'ஈ' போடுவார்.

பெரியப்பா: 'ஈ' தான் போடுவேன்.

மாலா: அன்பை எடுத்துவிடப் போகிறானாம். அதற்குப் பதில் என்ன வைப்பது என்று கேட்கிறான்.

பெரியப்பா: ஓசை வலை இன்னும் இல்லையே.

மாலா: பொறுப்பு!

அருண்: வெறுப்பு, பொறுப்பு. அவசரக்காரன் கண்டிப்பாக விழுவான்.

பெரியப்பா: இப்போது கேள்வி சுத்தம். நாளை மாலை இதே நேரம் இரண்டு கேள்வி கொண்டு வரட்டும், ஒன்று எதிர்ச்சொல்லாக இருக்கக் கூடாது. எது எது என்று நான் கண்டுபிடிக்கிறேன்.