இரவு 9:30 முதல் காலை 6:30 வரை ஷிஃப்ட்: ஒரே தூக்கமா, இரண்டாகப் பிரிப்பதா?

புதுக்குடித்தனம்:
சென்னை கந்தன்சாவடியில தனி ரூம். மூணாவது மாடி, அதுக்கு மேல மொட்டைமாடிதான். ஜன்னல் ஒண்ணே ஒண்ணு, கிழக்கு பாத்தது. ஏசி கிடையாது, ஃப்ரிட்ஜ் உண்டு. ஷிஃப்ட் ராத்திரி 9:30க்கு ஆரம்பிச்சு காலை 6:30க்கு முடியும், நிரந்தர நைட். சனி ராத்திரியும் ஞாயிறு ராத்திரியும் லீவு. வந்ததும் ஒரே மூச்சா தூங்குறதா, காலைல கொஞ்சம் சாயங்காலம் கொஞ்சம்னு பிரிக்கிறதா? லீவுல பகல் ஆளா மாறலாமா? சமையலும் நானேதான்.

கூகை:
வந்ததும் தூங்குங்கள். 8 மணிக்குள் படுக்கை, 3 மணிக்கு முன் எழ வேண்டாம். விழித்திருக்கும் நேரம் கூடக் கூடத் தூக்கத்துக்கான உந்துதல் கூடும். உங்களுக்கு அது உச்சத்தில் இருப்பது ஷிஃப்ட் முடியும்போது. ஆனால் உடலின் உள்வெப்பம் விடிகாலை 4, 5 மணி வாக்கில் அடிமட்டத்தைத் தொட்டுவிட்டு ஏறத் தொடங்கும். அது ஏற ஏறத் தூக்கம் கலையும். படுப்பதை ஒவ்வொரு மணி நேரம் தள்ளும்போதும் தூக்கம்தான் சுருங்குகிறது. 11 மணிக்குப் படுத்துவிட்டு, ஏன் 2 மணிக்கே விழிப்பு வந்தது என்று கேட்பவர்கள் எல்லாம் இந்தக் கணக்கில் விழுந்தவர்கள்.

அலுவலகத்தை விட்டு வெளியே வரும்போதே கறுப்புக் கண்ணாடி போடுங்கள். அறைக்கு வந்தபின் போன் வேண்டாம். ஜன்னல் கண்ணாடியில் அலுமினியம் ஃபாயில் ஒட்டி, அதன்மேல் தடித்த திரை போடுங்கள். திரை ஜன்னலைவிட இரு பக்கமும் அரையடி அகலமாக இருக்கட்டும். வெளிச்சம் நுழைவது பக்க இடுக்கில்தான். கையை முகத்துக்கு முன்னால் நீட்டினால் விரல் தெரியக் கூடாது, அந்த அளவு இருட்டு.

சி ஷிஃப்ட்:
கூகை சார் சொல்றதெல்லாம் வீட்ல அம்மா இருக்கறவனுக்கு சரி பாஸ். தனியா இருக்கறவன் 8ல இருந்து 3 வரைக்கும் செத்த மாதிரி கிடந்தா சிலிண்டர் யாரு எடுக்குறது? ஓடிபி சொல்ல ஆளில்லன்னா வண்டி திரும்பிடும். பேங்க் கவுன்டர், ஈபி ஆபீஸ், கொரியர், எல்லாம் பகல் வேலைதான்.

ஒரகடம் பக்கம் ஃபேக்டரிக்கு ராத்திரி 10 டு காலை 6 போறவங்க நிறைய பேர் பண்றது இது: காலை 8:00 டு 12:30 ஒரு தூக்கம், சாயங்காலம் 5:45 டு 7:45 இன்னொண்ணு. மொத்தம் ஆறரை மணி நேரம். இதுல முதல் தூக்கம் தினமும் அதே நேரம், லீவு நாள் உட்பட. நங்கூரத் தூக்கம்னு இதுக்குப் பேரே இருக்கு. மைனர்ஸ், வாட்டர்ஹவுஸ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1981லயே எழுதினது: தினமும் ஒரே நேரத்துல நாலு மணி நேரம் தூங்கினா, மிச்சத் தூக்கம் முன்ன பின்ன போனாலும் உடம்புக் கடிகாரம் நழுவாது.

ரெண்டாவது தூக்கத்துக்கு இன்னொரு லாபம். 3 மணிக்கு எழுந்தவன் ராத்திரி 9:30க்கு வேலை ஆரம்பிக்கும்போதே ஆறரை மணி நேரம் முழிச்சாச்சு. விடிகாலை 4க்கு அது பதிமூணு மணி நேரம். 7:45க்கு எழுந்தவனுக்கு அப்போ எட்டேகால்தான். யாருக்குக் கண் சொருகும்?

கூகை:
கணக்கு அழகாக இருக்கிறது. சாயங்காலம் 6 மணிக்கு உடலின் உள்வெப்பம் ஏறக்குறைய உச்சியில் இருக்குமே, அதை எங்கே சேர்த்தீர்கள்? அந்த நேரத்தில் கண்ணை மூடிக் கிடக்கலாம். இரண்டு மணி நேரம் படுத்து ஒரு மணி நேரம் தூங்கினால் உங்கள் ஆறரை ஐந்தரை ஆகிவிடும்.

மேல்தளம்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், கட்டட வேலை தெரிந்தவன். உடம்புச் சூடு இருக்கட்டும், கூரைச் சூட்டை இருவரும் மறந்துவிட்டீர்கள்.

கேட்டவர் இருப்பது மொட்டைமாடிக்கு அடியில். 5 அங்குல ஆர்சிசி ஸ்லாப் காலை 10 மணிக்கு மேல் வெயிலைக் குடிக்க ஆரம்பிக்கும். அந்தச் சூடு கான்கிரீட்டைக் கடந்து அடிப்பக்கம் வரச் சில மணி நேரம் ஆகும். வெளியே வெயில் இறங்கிய பிறகுதான், சுமார் 4 மணியிலிருந்து 7, 8 மணி வரை, சீலிங் அதிகம் கொதிக்கும். சீலிங் ஃபேன் அந்தக் காற்றைத்தான் கீழே தள்ளும். சி ஷிஃப்ட் சொல்கிற 5:45 தூக்கம் மேல்மாடியில் இருப்பதிலேயே மோசமான நேரம். காலை 7 முதல் 12 வரைதான் ஸ்லாப் ஓரளவு ஆறிக் கிடக்கும்.

கூகையின் ஃபாயிலுக்கும் ஒரு வார்த்தை. கிழக்கு ஜன்னலில் நேர் வெயில் விழுவது விடிந்ததிலிருந்து சுமார் 10 மணி வரை. கண்ணாடிக்கு உள்ளே ஃபாயில் ஒட்டினால் வெளிச்சம் நிற்கும், ஆனால் கண்ணாடி தாண்டி வந்த சூட்டில் ஒரு பங்கு உள்ளேயேதான் இருக்கும். அதைவிட, கதவைச் சாத்தி வைத்தால் கடல்காற்று போச்சு. சென்னையில் அது பெரும்பாலும் நண்பகலை ஒட்டிக் கிழக்கிலிருந்து வரும். கிழக்கு ஜன்னல் கிடைப்பதே பெரிய விஷயம், அதை ஃபாயில் போட்டு அடைப்பீர்களா? ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டுங்கள், கம்பியிலிருந்து நாலு அங்குலம் தள்ளி. கண்ணாடிக் கதவைத் திறந்தே வைக்கலாம். வெளிச்சத்துக்குக் கண்கட்டு போதும். பாத்ரூம் வென்டிலேட்டரில் எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் அதையும் ஓடவிடுங்கள். ஜன்னல் வழியாகக் காற்று இழுக்கும்.

சி ஷிஃப்ட்:
ரூமுக்குள்ளதான் தூங்கணும்னு யாரு சொன்னா? ஆறு மணிக்கு மொட்டைமாடியில பாய் விரிச்சா முடிஞ்சது.

மேல்தளம்:
ஆறு மணிக்கு மொட்டைமாடித் தரையில் வெறுங்காலை வைத்துப் பாருங்கள், அப்புறம் பாய் விரிக்கலாம். கட்டில் வேண்டும், கொசுவலை வேண்டும். அதைவிட, ஹவுஸ் ஓனர் சம்மதித்தால் தளத்தில் வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் இரண்டு கோட். அடிப்பதற்கு முன் தூசி, பாசி, பழைய சுண்ணாம்பு எல்லாம் சுரண்டிக் கழுவிக் காயவிடாவிட்டால் முதல் மழையிலேயே உரிந்து வரும். தண்ணீர் தெளிப்பதும் உதவும், ஆனால் ஏப்ரல், மே மாதம் லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டில் அதை ஓனரிடம் எப்படிக் கேட்பது என்பது உங்கள் சாமர்த்தியம்.

வார்டு 7:
தம்பி, மேல ஒருத்தர் கறுப்புக் கண்ணாடி போடச் சொல்லிருக்காரு. டூவீலர்ல போறதா இருந்தா போடவே போடாதீங்க. ராத்திரி பூரா முழிச்சுட்டு ஓட்டுறப்ப அந்த வெளிச்சம்தான் கண்ணைத் தெறந்து வச்சிருக்கு. கேப்ல வந்தா போட்டுக்கலாம். கண்ணு கட்டுச்சுன்னா ஆபீஸ்லயே 20 நிமிசம் அலாரம் வச்சுத் தூங்கிட்டு, முழிச்சு ஒரு கால் மணி நேரம் கழிச்சு வண்டிய எடுங்க. எந்திரிச்ச ஒடனே மூளை பாதிதான் வேலை செய்யும்.

டீ கணக்கு யாருமே சொல்லல. காஃபின் பாதியாக் கொறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். காலைல நாலரைக்கு ஒரு டீ குடிச்சா ஒம்பதரைக்கும் அதுல பாதி ஒடம்புலதான் இருக்கும். கடைசி டீ ரெண்டு மணிக்குள்ள. அதுக்கு மேல வெந்நீரு, இல்லைன்னா எந்திரிச்சு நடக்குறது.

காதுல வைக்கிற ஃபோம் பிளக்கு பாதிப் பேரு தப்பா வைக்கிறாங்க. நல்லா மெல்லிசா உருட்டி, இன்னொரு கையால காதை மேலயும் பின்னாலயும் இழுத்துப் பிடிச்சு, உள்ள விட்டு, அரை நிமிசம் வெரலால அமுக்கிப் பிடிக்கணும். அப்பத்தான் விரிஞ்சு அடைக்கும். வெளிய பாதி நீட்டிக்கிட்டு இருந்தா பிரயோசனமே இல்ல. பிளக்கு வச்சா அலாரம் கேக்காது, அதனால போனை வைப்ரேஷன்ல தலகாணிக்கு அடியில இல்ல, தலகாணி உறைக்குள்ள ஓரமா வைங்க. வழுக்கிக் கீழ விழாது. படுக்கும் முன்னால கேஸ் ரெகுலேட்டரை மூடிருங்க. தனியா இருக்கீக, காதும் அடைச்சிருக்கு.

புதுக்குடித்தனம்:
கேப்லதான் வர்றேன் அக்கா. சாப்பாடு எப்போ?

வார்டு 7:
பெரிய சாப்பாடு கெளம்புறதுக்கு முன்ன, எட்டு, எட்டரைக்கு. பன்னெண்டரைக்குள்ள கொஞ்சமா ஒண்ணு: சுண்டல், இல்ல ரெண்டு முட்டை, இல்ல ஒரு வாழைப்பழமும் நிலக்கடலையும். ரெண்டுல இருந்து அஞ்சு வரைக்கும் வயித்துக்கு வேலை குடுக்காதீங்க. அந்நேரம் கேன்டீன்ல பரோட்டா மணக்கும், அங்கதான் எல்லாரும் விழறது. காலைல வந்து ரெண்டு இட்லி. பட்டினியாப் படுத்தா பதினோரு மணிக்குப் பசி எழுப்பிரும், பொங்கல் வடைன்னு அமுக்கிட்டுப் படுத்தா நெஞ்சு எரியும்.

கூகை:
ஷிஃப்ட் நேரத்தில் ஒன்றுமே சாப்பிடாமல் இருப்பது இன்னும் நல்லது. 2021இல் வந்த ஓர் ஆய்வில் 19 பேரை ஆய்வுக்கூடத்தில் இரவு வேலை போன்ற சூழலில் வைத்தார்கள். இரவிலும் சாப்பிட்டவர்களுக்குச் சராசரி ரத்தச் சர்க்கரை 6.4 சதவீதம் ஏறியது. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்குக் குறிப்பிடும்படி ஏறவில்லை.

வார்டு 7:
ஆய்வுக்கூடத்துல படுக்க வச்சுப் பாத்தது சார் அது. வார்டுல ஓடுறவங்களும் ஒம்பது மணி நேரம் ஹெட்செட்ல பேசுறவங்களும் பச்சத் தண்ணில இருக்க முடியாது. கொறைச்சுச் சாப்பிடுங்கன்னு சொல்லலாம், அவ்வளவுதான்.

சி ஷிஃப்ட்:
தனியா சமைக்கறவனுக்கு ஒரே தூக்கம் எங்க உதைக்கும்னு சொல்றேன். காலைல வரும்போது பூத்ல ஆவின் பாக்கெட் வாங்கிட்டு வந்து காய்ச்சுவீங்க. (வீட்டு வாசல்ல போடச் சொல்லாதீங்க, நீங்க வர்றதுக்குள்ள மே மாச வெக்கைக்குப் பால் திரிஞ்சு போகும்.) எட்டு மணிக்கு உறை ஊத்தினா இந்த ஊர் சூட்டுக்கு நாலஞ்சு மணி நேரத்துல தயிர் ரெடி. பன்னெண்டரைக்கு எழுந்தா எடுத்து ஃப்ரிட்ஜ்ல வைக்கலாம். மூணு மணிக்கு எழுந்தா புளிச்ச மோர்தான். இட்லி மாவும் அப்படித்தான்.

கூகை:
அரை லிட்டருக்கு அரை ஸ்பூன் உறை, பால் கை பொறுக்கும் சூட்டுக்கும் கீழே ஆறியபின். மூன்று மணிக்குச் சரியாக இருக்கும். அல்லது சாயங்காலம் 4 மணிக்கு உறை ஊற்றி 9 மணிக்குக் கிளம்பும்போது உள்ளே வைத்துவிட்டுப் போங்கள். மாவும் அப்படியே: 3 மணிக்கு அரைத்தால் கிளம்பும் முன் பொங்கியிருக்கும். தயிருக்காக ஒருவர் தூக்கத்தை உடைப்பதா?

கணக்குப்புள்ள:
இரவு 9:30 என்றால் அமெரிக்க மேற்குக் கரையில் காலை 9. அந்த ஷிஃப்ட்தான் என்றால் ஒன்றை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். நீங்கள் இரவு 10:30க்குத் தொடங்கிக் காலை 7:30க்கு முடிப்பீர்கள். மார்ச் இரண்டாம் ஞாயிறில் மறுபடி 9:30. நவம்பருக்குப் பிறகு 7:30க்கு ஓஎம்ஆர் சாலையில் கேப் எப்படி நகரும் என்று சொல்ல வேண்டியதில்லை, 8 மணிப் படுக்கை நடக்காது. நங்கூரம் போடுவதானால் 9 முதல் 1 வரை போடுங்கள், இரண்டு பருவத்துக்கும் தாங்கும்.

சி ஷிஃப்ட்:
இது நல்ல பாயின்ட். 9 டு 1னு மாத்திக்கறேன். இப்போதைக்கு 8க்கே படுத்தாலும் 9 டு 1 உள்ளதானே வருது.

கூகை:
8க்குப் படுத்து 1 மணிக்கு எழுபவர் இன்னும் இரண்டு மணி நேரம் தூங்கினால் என் கட்சிக்கு வந்துவிடுவார்.

மேல்தளம்:
அந்த இரண்டு மணி நேரத்தில்தான் பராமரிப்பு மின்தடையின் கடைசிப் பகுதி வரும். சென்னையில் பொதுவாகக் காலை 9 முதல் 2 வரை. முன்கூட்டியே நாளிதழில் பகுதிவாரியாகப் போடுவார்கள். அன்றைக்கு ஃபேன் இல்லாமல் மேல்மாடியில் யாரும் தூங்க முடியாது. சாதா சீலிங் ஃபேன் 70, 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி ஃபேன் 30 வாட் சுற்றி. வாடகை அறைக்கு இன்வெர்ட்டர் அதிகம். சார்ஜ் ஏறும் டேபிள் ஃபேன் ஒன்று போதும். ஐந்து மணி நேரம் ஓடுமா என்று வாங்கும்போதே, நடு வேகத்தில் கேளுங்கள். பெட்டியில் போட்டிருப்பது பெரும்பாலும் குறைந்த வேகத்துக்கான நேரம்.

வார்டு 7:
லீவு நாளைப் பத்திச் சொல்லலையே யாரும். என்னயக் கேட்டா சனி, ஞாயிறு பகல் ஆளா மாறிருங்க. சனிக்கெழம காலைல எட்டுல இருந்து பதினொன்றரை வரைக்கும் மட்டும் தூங்கி எந்திரிச்சா ராத்திரி பதினோரு மணிக்கு ஊரோட சேந்து தூக்கம் வந்துரும். ஞாயித்துக்கெழம முழுசா கையில இருக்கும். தனியா இருக்குற புள்ளைக அஞ்சு நாளு மனுச மொகம் பாக்காம கெடந்துட்டு, லீவுலயும் பகல்ல தூங்குனா மனசு கெட்டுப்போகும்.

கூகை:
மனசு சரி. திங்கள் இரவு? உடல் கடிகாரம் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு மணி நேரம்தான் நகரும். ஒன்பது மணி நேரத்தை இரண்டு நாளில் திருப்பி, மறுபடி பழையபடி திருப்ப அதனால் ஆகாது. திங்கள் இரவு 4 மணிக்கு அவர் மேஜையில் கவிழ்வார், செவ்வாயும் பாழ். நடுவழி ஒன்று உண்டு: லீவு இரவுகளில் 4 மணிக்குப் படுத்து நண்பகல் 12க்கு எழுவது. சி ஷிஃப்ட்டின் நங்கூரத்தில் பெரும்பகுதி அதற்குள் அடங்கும். மதியம் 12 முதல் இரவு வரை மனித முகம் பார்க்கத் தடையில்லையே. சினிமா, கடற்கரை, ரிசப்ஷன் எல்லாம் மாலையில்தான்.

சி ஷிஃப்ட்:
முகூர்த்தம்தான் காலைல. அதுவும் 6 டு 7:30 முகூர்த்தம்னா நைட் ஷிஃப்ட் ஆளுக்கு ரொம்ப வசதி, டிபன் சாப்பிட்டு நேரா வந்து படுத்துக்கலாம்.

வார்டு 7:
நாலு மணி வரைக்கும் தனி ரூம்ல ஒத்தையா முழிச்சுக்கிட்டு என்ன பண்ணச் சொல்றீங்க? போனைத்தான் நோண்டணும். ஊருக்குப் போனா அம்மா ஆறு மணிக்கே எழுப்பி விட்ருவாங்க, அதையும் சேத்துக்கங்க. மாசத்துல ஒரு வாரக் கடைசி ஊருக்குன்னு வச்சுக்கிட்டு, அந்த வாரம் மட்டும் முழுசா மாறட்டும். மத்த வாரம் உங்க நடுவழி.

கூகை:
அந்த ஒரு வாரத் திங்கள் இரவுக்கு 8 மணிக்கு ஒன்றரை மணி நேரத் தூக்கம் கட்டாயம்.

சி ஷிஃப்ட்:
ஆக, சாயங்காலத் தூக்கம் வேணும்னு ஒத்துக்கிட்டீங்க. ஆனா 9:30 ஷிஃப்ட்டுக்கு 8 மணிக்குப் படுத்தா எப்ப கெளம்புறது சார்? 6:30க்குப் படுக்கட்டும்.

மேல்தளம்:
6:30க்கு அந்த அறையில் வேண்டாம். ஊரிலிருந்து வரும் ரயிலிலோ பஸ்ஸிலோ தூங்கட்டும்.

புதுக்குடித்தனம்:
ஓனர்கிட்ட கூல் ரூஃப் பெயின்ட் பத்திக் கேட்டா, பாதிக் காசு போடச் சொல்றார். தட்டிக்கு மட்டும் சரின்னுட்டார். தட்டியை ஜன்னல் கம்பியில இருந்து தள்ளி நிறுத்த எதுல கட்டுறது? வெளிச் சுவர்ல ட்ரில் பண்ணக் கூடாதுங்கறார்.

மேல்தளம்:
ட்ரில் வேண்டாம். ஜன்னலுக்கு மேலே சன்ஷேடு இருக்குமே, அதன் முனையில் இரண்டு ஜி ஐ கிளாம்ப் இறுக்கி அதிலிருந்து தொங்கவிடுங்கள். கீழ் இரு மூலைகளையும் நைலான் கயிற்றால் ஜன்னல் கம்பியோடு கொஞ்சம் தளர்வாகக் கட்டினால் கடல்காற்றில் அடித்துக்கொள்ளாது. தட்டி ஜன்னலுக்குக் கீழே ஓரடி இறங்கட்டும், விடிகாலை வெயில் தாழ வரும். மூன்றாவது மாடி என்பதால் வெளியே எம்பிக் கட்ட வேண்டாம், தட்டி விற்பவரிடமே ஆள் இருக்கும்.