இரண்டு மொழி பேசும் பெரியவர்களும் ஞாபகசக்தியும்: உங்கள் வீட்டில் பார்த்ததைச் சொல்லுங்கள்

அம்மாவுக்கு 78 வயது. வீட்டுக்குள் தெலுங்கு, பள்ளிக்கூடம், வேலை, அக்கம்பக்கம் எல்லாம் தமிழ். சமீபமாகப் பேச்சு நடுவே பெயர்கள் சிக்கிக்கொள்வதால் ஞாபகசக்திப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனோம். ஒரு நிமிடத்துக்குள் தெரிந்த மிருகங்களை எல்லாம் சொல்லச் சொன்னார்கள். நாய், பூனை, மாடு என்று ஆரம்பித்தவர் ஆட்டோடு நின்றுவிட்டார். விரல் மட்டும் மடிந்துகொண்டே இருந்தது. மனசுக்குள் தெலுங்கில் ஓடுகிறது என்று பக்கத்தில் இருந்த எனக்குப் புரிந்தது. "தெலுங்குல சொல்லட்டுமா?" என்று கேட்டும் பார்த்தார். "தமிழ்லயே சொல்லுங்கம்மா" என்றார்கள். மறதிநோயின் ஆரம்பமாக இருக்கலாம் என்று எழுதித் தந்துவிட்டார்கள்.

வேறொரு மருத்துவர் தெலுங்கிலும் கேட்டார். நிறுத்தாமல் சொன்னார் அம்மா. வயசுக்கு உண்டான தடுமாற்றம்தான், கொஞ்ச காலம் கழித்து மறுபடி பார்ப்போம் என்றார். முதல் அறிக்கையைப் பார்த்து அம்மா அழுத அழுகையை என்னால் மறக்க முடியவில்லை. இரண்டு மொழி பெரியவர்களுக்குப் பலமா, பாரமா? பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

* * *

பேச்சு, மொழிச் சிகிச்சை என் தொழில். உங்கள் அம்மாவுக்கு நடந்தது அபூர்வமில்லை, அதுதான் வருத்தம். இரண்டு மொழி தெரிந்தவர் ஒன்றில் பேசும்போது மற்றதன் சொற்களும் கூடவே எழும்பும். மூளை அவற்றை அடக்கிவிட்டு வேண்டியதை மட்டும் விட வேண்டும். அதனால் ஒரு மொழியை மட்டும் வைத்துச் சோதித்தால் சொல் எடுப்பதில் கொஞ்சம் பின்தங்குவார்கள், இளவயதுக்காரர்கள்கூட. இது மறதி இல்லை.

ஆனால் அதே அடக்கலும் மாற்றலும் வாழ்நாள் முழுக்க நடப்பதால்தான் முதுமையில் மூளைக்கு ஒரு கையிருப்பு, அதாவது சேதத்தைச் சமாளிக்கும் பலம், சேர்கிறது என்று கருதுகிறார்கள். ஹைதராபாத்தில் மறதிநோய் வந்த 648 பேரை ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டார்கள். இரண்டு மொழி பேசியவர்களுக்கு நோய் சராசரியாக நாலரை ஆண்டு தள்ளித் தொடங்கியிருந்தது. படிப்பால் வந்த பலன் என்று தள்ளிவிட முடியாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அந்த வித்தியாசம் இருந்தது. மூன்றாவது, நாலாவது மொழியால் கூடுதல் பலன் தெரியவில்லை. அதே ஊரில் பக்கவாதம் வந்த 608 பேரைப் பார்த்ததில், பிறகும் அறிவுத்திறன் இயல்பாக இருந்தவர்கள் இருமொழிக்காரர்களில் சுமார் 40 சதவீதம், ஒரு மொழிக்காரர்களில் சுமார் 20.

* * *

எனக்கு 66. ஓய்வு பெற்ற பிறகுதான் மருமகளுடைய கன்னடத்தைக் கற்க ஆரம்பித்தேன், பேத்தியோடு பேச. இந்த வயதில் எதற்கு என்று கேட்டார்கள். எடின்பரோவில் 1947-ல், 11 வயதில் அறிவுத்தேர்வு எழுதியவர்களில் 853 பேரை 70 வயது தாண்டியபின் மறுபடி சோதித்திருக்கிறார்கள். சிறுவயது மதிப்பெண்ணைக் கணக்கில் எடுத்த பிறகும், இன்னொரு மொழி தெரிந்தவர்கள் எதிர்பார்த்ததைவிட நன்றாகச் செய்தார்கள். 18 வயதுக்கு மேல் கற்றவர்களும் அதில் சேர்த்தி. அறுபதில் கற்றாலும் அதே பலன் என்று அது சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் பேத்தி கேட்டதற்குப் பதில் தேடும் அந்த நேரம் முழுக்க என் கவனம் வேறெங்கும் போவதில்லை. செய்தித்தாள் குறுக்கெழுத்தில் எனக்கு இது கிடைத்ததில்லை.

* * *

மேலே எழுதியதெல்லாம் சரி. ஆனால் இரண்டு மொழி பேசினால் மறதிநோய் வராது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என் அப்பாவுக்கு வந்தது. மலையாளத்தில் வளர்ந்து, தமிழில் உழைத்து, இரண்டிலும் கணக்கெழுதியவர். தள்ளிப்போகிறது என்றால் தவிர்க்கிறது என்று ஆகாது. நியூயார்க்கில் ஸ்பானிய மொழி பேசும் முதியவர்களைப் பல ஆண்டு பின்தொடர்ந்து 2014-ல் வந்த ஆய்வு, இரண்டு மொழியால் மறதிநோய் தடுபடவில்லை என்றே முடித்தது. டொரண்டோவில் 2012-ல் சி.டி. ஸ்கேன்களை ஒப்பிட்டபோது, ஒரே அளவு திறன் காட்டிய நோயாளிகளில் இருமொழிக்காரர்களின் மூளைதான் சில இடங்களில் அதிகம் சுருங்கியிருந்தது. சேதம் கூடியும் சமாளித்திருக்கிறார்கள். அதைப் படித்தபோது அப்பா ஞாபகம்தான் வந்தது. நன்றாகத்தான் இருந்தார், பிறகு ஒரேயடியாகச் சரிந்தார்.

எங்களை உடைத்தது வேறு. நோய் முற்ற முற்றத் தமிழ் கழன்றது. அம்மாவுக்கு மலையாளம் துளிகூடத் தெரியாது. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவர்கள், அப்பா ஏதோ கேட்பார், அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பதில் வராததால் அப்பாவுக்குக் கோபம் வரும், கையைத் தட்டிவிடுவார். குளிப்பாட்டும்போதுதான் மோசம். கடைசியில் அத்தையிடம் போனில் கேட்டு, சட்டையைக் கழற்றலாம், தண்ணீர் சூடா, வலிக்கிறதா என்று அன்றாடம் வேண்டியதை எல்லாம் அம்மா தமிழெழுத்தில் எழுதிக் குளியலறைக் கதவில் ஒட்டினார். உச்சரிப்பு தப்பும் தவறுமாக இருந்தாலும் அப்பா தோள் தளர்ந்து கையைத் தூக்கிக் கொடுப்பார். மருந்தைவிட அது வேலை செய்தது என்பேன். தினமும் சாயங்காலம் அத்தை போனில் பேசுவார். அந்த நேரத்தில் மட்டும் அப்பா முழு வாக்கியமாகப் பேசினார்.

* * *

மேலே எழுதிய சிகிச்சையாளர்தான். உங்கள் அம்மா ஒட்டியது போன்ற பட்டியலை நாங்களே குடும்பங்களுக்குத் தயாரித்துத் தருவதுண்டு. நோய் லேசாக இருக்கும்போதே தொடங்கினால் கவனிப்பவருக்குப் பழக நேரம் கிடைக்கும்.

பரிசோதனைக்குப் போகிறவர்கள் உள்ளே நுழைந்ததும் இதைச் சொல்லிவிடுங்கள்: குழந்தையில் எந்த மொழி, இப்போது யாரோடு எந்த மொழி, கணக்குப் போடுவதும் சாமி கும்பிடுவதும் எதில். இரண்டு மொழியிலும் சோதிக்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. சோதிப்பவருக்கு அந்த மொழி தெரியாவிட்டால் மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பிள்ளைகள் பக்கத்திலிருந்து சொல்லிக் கொடுத்துவிடுவார்கள் என்பதால் வெளியாள் நல்லது. அறிக்கையில் எந்த மொழியில் சோதித்தார்கள் என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். அடுத்த முறை ஒப்பிட அது இல்லாமல் முடியாது.