ஹிலாங் உபாயா, ஈலாட்: படிவத்தில் தடுக்கிய சொற்கள்

மலேசியாவின் பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் நான், மழை பெய்த ஒரு காலையில் ஜெலுத்தோங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் போகும்போது சறுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். மருத்துவர் 42 நாள் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) கொடுத்தார். விபத்து ஆலைக்கு வெளியே நடந்ததால் அது நோய் விடுப்பில்தான் சேரும் என்று மனிதவளப் பிரிவில் சொல்லிவிட்டார்கள். மூன்றாண்டு பணியில் இருப்பவருக்கு, மருத்துவமனையில் தங்காத நோய்க்கு 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் தருவது ஆண்டுக்கு 18 நாள் மட்டுமே. மீதி 24 நாளுக்குச் சம்பளம் இல்லை என்றே நானும் நம்பினேன்.

பக்கத்து வீட்டு மாமாதான், "தம்பி, வேலைக்குப் போற வழியில விழுந்தாலும் சொக்சோ உண்டு, போய்க் கேளு" என்றார். வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையிலான பயணத்தையும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவின் வேலை விபத்துத் திட்டம் ஏற்றுக்கொள்கிறது. சொந்தக் காரியமாக வழி விலகிப் போயிருந்தால்தான் சிக்கல். விபத்தை அறிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி அறிவிக்க வேண்டும் என்பதும் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. போலீஸ் புகாரையும் நான் போன வழியின் வரைபடத்தையும் கொடுத்த பிறகு, கணக்கிட்ட நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைத்தது. கடிதத்தில் இருந்த 'ஹிலாங் உபாயா செமந்தாரா' என்பதை யாரோ 'தற்காலிக ஊனம்' என்று மொழிபெயர்த்துச் சொல்லப்போய், அம்மா அன்று சாப்பிடவே இல்லை. விபத்தால் சில காலம் வேலை செய்ய இயலாத நிலை என்பதே அதன் பொருள். குறைந்தது நான்கு நாள் எம்சி இருந்தாலே அது பொருந்தும்.

*

மேலே எழுதிய தம்பிக்கு நேர்ந்தது வேறு வடிவில் எங்களுக்கும் நேர்ந்தது. நாங்கள் கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறோம். என் கணவருக்கு 52 வயதில் சிறுநீரகம் பழுதடைந்து, வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்ய வேண்டியதாயிற்று. நிறுவனத்தில் கொடுத்த ஹிலாங் உபாயா படிவத்தை நிரப்பி சொக்சோ அலுவலகத்துக்குக் கொண்டுபோனோம். அது வேலையால் வந்த காயத்துக்கும் நோய்க்கும் உரியது என்றும், வேலையோடு தொடர்பில்லாத நோய்க்கு 'பென்சென் ஈலாட்', அதாவது நோயால் உழைக்க இயலாமல் போனவருக்கான ஓய்வூதியம், கேட்க வேண்டும் என்றும் முகப்பில் இருந்த அதிகாரி பொறுமையாக விளக்கினார். வழக்கமான வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குகூட ஈட்ட முடியாதவர் என்று மருத்துவக் குழு முடிவு செய்ய வேண்டும். முழுத் தகுதிக்கு, தொடர்ந்த 40 மாதங்களில் 24 மாதமாவது சொக்சோ சந்தா கட்டியிருக்க வேண்டும். இரண்டும் பொருந்தியதால் ஓய்வூதியம் கிடைத்தது.

அந்தக் கடிதத்தையே காட்டி, நிறுவனத்தின் குழுக் காப்புறுதியிலும் 'முழு நிரந்தர இயலாமை' இழப்பீடு கேட்டோம், மறுத்துவிட்டார்கள். அவர்களின் ஒப்பந்தப்படி எந்த வேலையும் செய்ய இயலாதவராக இருக்க வேண்டுமாம். என் கணவரோ டயாலிசிஸ் இல்லாத நாள்களில் தன் தம்பியின் கடையில் இரண்டு மணி நேரம் கல்லாவில் உட்காருகிறார்.