டவ்டெயில் பெட்டி: மூலையில் இடைவெளி ஏன் விழுகிறது?

இரண்டு பலகையின் முனைகளைப் புறாவால் வடிவப் பற்களாக வெட்டி, மூலையில் ஒன்றுக்குள் ஒன்று கோக்கும் மூட்டுதான் டவ்டெயில். அதில் இடைவெளி விழாமல் பெட்டி செய்வது பற்றிப் பெங்களூர்க்காரர்கள் மூவர் சொல்வது:

அல்சூரிலிருந்து:

முதல் பெட்டிக்குத் தேக்கு வேண்டாம். விலை ஒருபக்கம், அதிலுள்ள சிலிக்கா உளியைச் சீக்கிரம் மழுக்கிவிடும். பேக்கிங் பெட்டி பைனில் நாலைந்து மூலை வெட்டிப் பழகுங்கள். மொண்ணை உளி பட்டால் பைனின் முனை நசுங்கிப் பிய்ந்துவிடும், தீட்டு சரியில்லை என்று உடனே தெரிந்துவிடும். அளவு: 250 × 150 மி.மீ., உயரம் 90, பலகைக் கனம் 12. மூலைக்கு மூன்று வால் (ஒரு பலகையில் முனைப் பக்கம் விரிந்த பற்கள்), அவற்றின் இடையில் நுழைய மற்றப் பலகையில் ஊசிகள், இரு ஓரத்திலும் அரை ஊசி (ஒருபக்கம் மட்டும் சரிந்தது). வாலின் சரிவு பைன் போன்ற மென்மரத்துக்கு 1:6 (6 மி.மீ. நீளத்துக்கு 1 மி.மீ. சாய்வு), கடினமரத்துக்கு 1:8.

இடைவெளி விழுந்தால் எல்லோரும் ரம்பத்தைத்தான் குறை சொல்கிறோம். பெரும்பாலும் தப்பு அதற்கு முன்பே, வாலை வைத்து ஊசிப் பலகையில் வரையும்போது நடந்திருக்கும். பலகை அரை மி.மீ. நழுவினாலும் அந்த மூலை கெட்டது. பென்சில் வேண்டாம், கத்தியால் கீறுங்கள். ரம்பம் கழிவுப் பக்கம் (வெட்டி எறியும் பகுதியில்) ஓடவேண்டும், கீறல் அப்படியே நிற்கவேண்டும்.

கே.ஆர்.புரத்திலிருந்து:

அல்சூர்க்காரர் சொன்னது சரி. கூடவே ஒன்று: உளியை எடுத்தவுடன் அடிக்கோட்டிலேயே (பற்களின் அடியைக் காட்டும் கீறல்) வைத்துக் கொட்டாப்புளியால் அடிக்காதீர்கள். உளியின் சரிவு மரத்தை ஆப்பு மாதிரி தள்ள, உளி கோட்டைத் தாண்டிப் பின்னால் போய்விடும். கோட்டுக்கு 1 மி.மீ. முன்னாலேயே வெட்டுங்கள். பாதி ஆழம் வந்ததும் பலகையைப் புரட்டி மறுபக்கத்திலிருந்து வாருங்கள். கடைசிச் சீவலுக்கு மட்டும் உளி கோட்டில் உட்காரட்டும், அதுவும் கைத்தள்ளலில். நடுவில் இம்மி பள்ளமாக இருந்தால் நல்லது, மேடாக இருந்தால்தான் மூட்டு இறங்காது.

மூட்டை முழுக்கப் போட்டுப் போட்டுக் கழற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தளரும். கால்வாசி இறக்கி, பளபளவென்று தேய்ந்த இடத்தை மட்டும் சீவினால் போதும்.

மல்லேஸ்வரத்திலிருந்து:

அடிப்பலகை செருகும் நீளப் பள்ளமான காடியைப் பற்றி யாரும் பேசவில்லையே! ஓரத்திலிருந்து 6 மி.மீ. தள்ளி, 4 மி.மீ. ஆழம், கடைசி வாலின் அகலத்துக்குள் விழும்படி. ஊசிப் பலகையில் கடைசிவரை ஓட்டலாம், வாய் வாலுக்குள் மறைந்துவிடும். வால் பலகையிலும் அப்படியே ஓட்டினால் வெளியே சதுர ஓட்டை தெரியும். அங்கே அடிக்கோட்டைத் தாண்டி 4 மி.மீ. மட்டும் போய் வாலுக்குள்ளேயே நிறுத்துங்கள். 4 மி.மீ. ப்ளை பலசமயம் மெலிந்தே வரும், கையிலிருப்பதை அளந்தபிறகு காடி போடுங்கள்.

ப்ளைக்குப் பதில் முழுமரம் என்றால் அகலவாட்டில் பக்கத்துக்கு 1 மி.மீ. விட்டு, பசை போடாமல் மிதக்க விடுங்கள். மார்ச் வெயிலில் இறுக்கமாகப் பொருத்திய அடிப்பலகை பெங்களூர் மழைக்கு உப்பி மூலையைத் திறந்துவிடும்.

தேக்கில் எண்ணெய்ப்பசை உண்டு. இழைத்த அன்றே, மூட்டை அசிட்டோனால் துடைத்துப் பசை போடுங்கள். கிளாம்ப் இறுக்கியதும் மூலைவிட்டம் இரண்டையும் அளங்கள். வித்தியாசம் இருந்தால் நீளமான மூலைவிட்டத்தின் இரு முனையையும் அழுத்தி நேராக்க வேண்டும், பசை இழுப்பதற்குள்.