ஸ்ட்ரெப்டமின் ஊட்டிய ஃபிளாஸ்க்கில் சின்ன ஜோன்: ஹைப்ரிமைசினா, நியோமைசினா?

கேள்வி:
நியோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைச் செய்யும் ஸ்ட்ரெப்டோமைசஸ் ஃப்ராடியே பாக்டீரியாவில் என்டிஜி (ஜீனை மாற்றும் ரசாயனம்) கொடுத்து எடுத்த மியூட்டன்ட். வெறும் அகாரில் பேசில்லஸ் சப்டிலிஸுக்கு எதிராக ஜோன் (கிருமி வளராத தெளிவான வட்டம்) இல்லை, நியோமைசினின் நடுப்பகுதியான டீஆக்சிஸ்ட்ரெப்டமின் சேர்த்தால் நன்றாக வருகிறது. 1969-இல் இல்லினாய்ஸில் ஷியர், ரைன்ஹார்ட் குழு காட்டியபடி அதற்குப் பதில் ஸ்ட்ரெப்டமின் ஊட்டினால், அதை நடுவில் கொண்ட ஹைப்ரிமைசின் வர வேண்டும். ஜோன் சிறியதாக இருக்கிறது, தடவைக்குத் தடவை மாறுகிறது. ஸ்ட்ரெப்டமினை ஸ்ட்ரெப்டோமைசினிலிருந்து எடுத்தோம். வந்திருப்பது எது?

பதில் 1:
முதலில் அந்த ஸ்ட்ரெப்டமினையே சந்தேகப்படுங்கள். அதில் துளி ஸ்ட்ரெப்டோமைசின் தங்கியிருந்தாலும் ஜோன் விழும். செல் போடாத மீடியத்தில் அதே அளவு கலந்து டிஸ்க்கில் வைத்துப் பாருங்கள். அமிலத்தில் கொதிக்க வைத்தால் ஸ்ட்ரெப்டிடின் (குவானிடின் ஒட்டிய ஸ்ட்ரெப்டமின்) வரைதான் போகும். குவானிடின் கழன்று ஸ்ட்ரெப்டமின் ஆக பேரியம் ஹைட்ராக்சைடில் கொதிக்க வேண்டும். அந்தப் படி பாதியில் நின்றால் நீங்கள் எடை போட்டு ஊட்டுவதில் பெரும்பகுதி உதவாத ஸ்ட்ரெப்டிடின்.

அடுத்தது ரிவர்ஷன், அதாவது மியூட்டன்ட் பழைய நிலைக்குத் திரும்பி தானே நியோமைசின் செய்வது. என்டிஜி பெரும்பாலும் ஒற்றை பேஸைத்தான் மாற்றும், அது திரும்பவும் மாறலாம். ஒவ்வொரு பேட்ச்சிலும் எதுவும் ஊட்டாத ஃபிளாஸ்க் ஒன்று கட்டாயம். கடைசி நாள் ப்ராத்தையும் (செல் வளர்ந்த திரவம்) நீர்த்து வெறும் அகாரில் பரப்பி காலனிகளைச் சோதியுங்கள். டீஆக்சிஸ்ட்ரெப்டமின் செய்யத் தேவையான 2-டீஆக்சி-சில்லோ-இனோசோஸ் சிந்தேஸ் ஜீனை முழுதாக நீக்கிய ஸ்ட்ரெயினில் இந்தத் தொல்லையே இல்லை.

பதில் 2:
ஜோனை மட்டும் நம்பி முடிவு சொல்ல முடியாது, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் மூலக்கூறின் நிறையைப் பாருங்கள். நியோமைசின் (ஒரு புரோட்டான் ஏறி) 615-இல் வரும். ஸ்ட்ரெப்டமினில் ஒரு ஆக்சிஜன் கூடுதல் என்பதால் ஹைப்ரிமைசின் 631. பலர் ஏமாறும் இடம் 653: நியோமைசினின் பொட்டாசியம் அடக்டும் (பொட்டாசியம் ஒட்டிய வடிவம்) ஹைப்ரிமைசினின் சோடியம் அடக்டும் அங்கேயே விழும். 631-ஐ உடைத்தால் நியமின் பகுதி (நடுப்பகுதியும் ஒரு சர்க்கரையும் சேர்ந்தது) 323-க்குப் பதில் 339-இல் வர வேண்டும். சர்க்கரைத் துண்டான 161 இரண்டிலும் வரும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

கேட்டவர்:
நன்றி. விளைச்சல் கூட என்ன செய்யலாம்?

பதில் 2:
ப்ராத்தை வடிகட்டும் முன் பிஹெச் 2–3-க்கு இறக்கி கலக்குங்கள். இந்த வகை மருந்துகள் மைசீலியத்தில் (பாக்டீரியாவின் இழைத் திரளில்) ஒட்டிக்கொள்ளும், நேராக வடிகட்டினால் அதோடு போய்விடும். பிறகு நடுநிலையாக்கி, ஜோன் பார்க்கும் அஸ்ஸே அகாரை பிஹெச் 8-இல் வையுங்கள். பிஹெச் குறைந்தாலும் உப்பு கூடினாலும் ஜோன் சுருங்கும், உங்களுக்கு மாறி மாறி வருவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். சோயா மாவு மீடியத்தில் பாஸ்பேட் தனியாகச் சேர்க்காதீர்கள், அது உற்பத்தியை அமுக்கும். பிஹெச் தாங்க கால்சியம் கார்பனேட் போதும். ஸ்ட்ரெப்டமினை சல்பேட்டாக, 0.22 மைக்ரான் வடிகட்டி, லிட்டருக்கு 100–200 மி.கி.யில் தொடங்குங்கள். சல்பேட்டாக்காமல் காரமாகவே (பேஸாக) போட்டால் பிஹெச் ஏறிவிடும்.