வார்ஃபரின் சாப்பிடும் அப்பாவுக்குக் கண்ணுக்காகக் கீரை கொடுக்கலாமா?

அப்பாவுக்கு 71 வயது, மதுரையில் இருக்கிறோம். இரண்டு கண்ணிலும் உலர் வகை மாக்குலர் சிதைவு (விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துபோவது), நடுத்தர நிலை. நாளிதழில் தலைப்பைப் படித்துவிடுகிறார். செய்திக்குள் போனால் வரிகள் நெளிகின்றன, உற்றுப் பார்க்கும் எழுத்து மட்டும் மங்கிப்போகிறது. கண்புரை அறுவை 2022இலேயே முடிந்தது. கண்ணாடியும் மாற்றிப் பார்த்தாயிற்று.

விழித்திரைக்கு நல்லதென்னும் லுடீன் என்ற நிறமிக்காகக் கீரை நிறையக் கொடுக்கச் சொல்கிறார் கண் மருத்துவர். ஆனால் 2016இல் செயற்கை இதய வால்வு பொருத்தியதிலிருந்து அப்பா இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறார். கீரையிலுள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். வாரம் முழுக்க முருங்கைக்கீரை சமைத்தபோது இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு 2.6இலிருந்து 1.7க்கு இறங்கியது. வால்வில் இரத்தம் உறைந்துவிடுமோ என்று வீடே நடுங்கிப்போனது, உடனே நிறுத்திவிட்டோம்.

இந்தக் கண் நோய்க்கென்றே உள்ள ஏரெட்ஸ்-2 சத்து மாத்திரையில் லுடீன் 10 மி.கி. இருக்கிறது, கூடவே வைட்டமின் இ 400 யூனிட். இரத்தக் கசிவு கூடலாம் என்று இதய மருத்துவர் தயங்குகிறார். அவர் தயக்கம் நியாயமாகவே படுகிறது. இப்போதைக்கு முட்டை மஞ்சள் கருவும் மக்காச்சோளமும்தான்.

வார்ஃபரினோடு இதே கண் நோயும் உள்ளவர்கள் வீட்டில், ஐ.என்.ஆர். நிலையாக நிற்கும்படி எந்தக் கீரையை, எந்த அளவில் கொடுத்துவருகிறீர்கள்?